லோதியன் பிறப்பாண்டுக் குழு ஆய்வுகள்

லோதியன் பிறப்பாண்டுக் குழு ஆய்வுகள் என்பவை, வயது முதிரும்போது மனிதரின் நினைவாற்றலும் சிந்தனைத் திறனும் எவ்வாறு மாறுகின்றன என்பதை அறிய ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகம் நடத்திவரும் நெடுங்கால ஆய்வுகள் ஆகும். 1921ஆம் ஆண்டில் பிறந்த 550 பேரும், 1936ஆம் ஆண்டில் பிறந்த 1,091 பேரும் இரு குழுக்களாக இவற்றில் பங்கேற்றனர். எடின்பரோ நகரையும் அதைச் சூழ்ந்த வட்டாரத்தையும் குறிக்கும் லோதியன் என்ற பெயரே ஆய்வுக்கும் வழங்குகிறது.

முதியோரின் நினைவாற்றலை ஆராயும் திட்டங்கள் உலகில் பல உள்ளன. அவற்றுள் இவ்வாய்வுகள் தனியிடம் பெறுவதற்குக் காரணம், பங்கேற்றவர்களின் சிறுவயது மதிப்பெண்கள் கிடைத்ததுதான். இவர்களில் பெரும்பாலோர் ஏறத்தாழ பதினொரு வயதில், தத்தம் பள்ளியில், ஒரே அறிவுத்திறன் தேர்வை எழுதியிருந்தனர். அந்த மதிப்பெண்கள் அழியாமல் பாதுகாக்கப்பட்டிருந்தன. ஆகவே எண்பது வயதில் ஒருவர் பெறும் மதிப்பெண்ணை அவருடைய சிறுவயது மதிப்பெண்ணோடு ஒப்பிட முடிந்தது. முதுமை, நினைவாற்றல், உணவு, பழக்கவழக்கம் ஆகியவை பற்றி நிலவிய சில முடிவுகளை இந்த ஒப்பீடு மாற்றியமைத்தது.

முதுமையை அளப்பதில் உள்ள சிக்கல்

வயது ஏறினால் அறிவுத்திறன் எவ்வளவு குறைகிறது என்று கண்டறிய எளிய வழி ஒன்று உண்டு. முப்பது வயதினர் நூறு பேருக்கும் எழுபது வயதினர் நூறு பேருக்கும் ஒரே நாளில் ஒரே தேர்வை வைத்து, இரு குழுக்களின் சராசரியையும் ஒப்பிடலாம். இதைக் குறுக்குவெட்டு ஆய்வு என்பர். செலவும் காலமும் குறைவு. ஆனால் இதில் ஒரு பெருங்குறை உண்டு. எழுபது வயதினர் வளர்ந்த காலம் வேறு, முப்பது வயதினர் வளர்ந்த காலம் வேறு. பள்ளிக்குச் சென்ற ஆண்டுகள், உண்ட உணவு, பெற்ற மருத்துவ வசதி, தேர்வு எழுதிய பழக்கம் எல்லாமே தலைமுறைக்குத் தலைமுறை மாறியிருக்கும். இரு குழுக்களுக்கும் இடையே காணப்படும் வேறுபாட்டில் எவ்வளவு முதுமையால் வந்தது, எவ்வளவு தலைமுறை மாற்றத்தால் வந்தது என்று பிரித்துச் சொல்ல இயலாது.

இக்குறையைத் தவிர்க்க, அதே மனிதர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து சோதிக்கும் முறை உருவானது. இதை நெடுங்கால ஆய்வு என்பர். வார்னர் ஷாய் என்ற உளவியலாளர் 1956இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் தொடங்கிய ஆய்வு இதற்கு ஒரு முன்னோடி. ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை சோதனைகள் நடந்தன. பெரும்பாலான திறன்களில் சராசரி வீழ்ச்சி அறுபது வயதுக்கு முன் பெரிதாகத் தென்படுவதில்லை என்பதையும், குறுக்குவெட்டு ஆய்வுகள் சில திறன்களின் வீழ்ச்சியை மிகைப்படுத்திக் காட்டின என்பதையும் இந்த ஆய்வு உணர்த்தியது.

ஆயினும் முதியோரைப் பற்றிய நெடுங்கால ஆய்வுகள் பலவற்றில் இன்னொரு இடைவெளி இருந்தது. அவை பங்கேற்பாளரின் அறுபது அல்லது எழுபது வயதில்தான் தொடங்கின. அதற்கு முன் அவர்கள் எப்படி இருந்தார்கள் என்பது தெரியாது. பருவத் தொடக்கத்தில் மாணவன் பெற்ற மதிப்பெண் தெரியாமல் ஆண்டிறுதி மதிப்பெண்ணை மட்டும் பார்த்து, அவன் முன்னேறினானா பின்தங்கினானா என்று ஆசிரியர் சொல்ல முடியாது. முதியோர் நிலையும் அதுவே. எழுபத்தைந்து வயதில் இருவர் ஒரு தேர்வில் 40 மதிப்பெண் பெறுகிறார்கள் என்று கொள்வோம். இளமையில் ஒருவருடைய மதிப்பெண் 60, மற்றவருடையது 41 என்றால், முதலாமவர் மிகுதியாக இழந்திருக்கிறார். இரண்டாமவர் ஏறத்தாழ எதையும் இழக்கவில்லை. 40 என்ற எண் மட்டும் கையில் இருந்தால் இருவரும் ஒன்றுபோலவே தோன்றுவர்.

தொடக்கநிலையை அறிய ஆய்வாளர்கள் பல வழிகளைத் தேடினர். அமெரிக்காவில் 1986இல் டேவிட் ஸ்னோடன் தொடங்கிய கன்னியர் ஆய்வில், 678 கத்தோலிக்கக் கன்னியர் பங்கேற்றனர். அவர்களில் ஒரு பகுதியினர் இளம்வயதில் மடத்தில் சேர்ந்தபோது எழுதிய தன்வரலாற்றுக் குறிப்புகள் பழைய ஆவணங்களில் கிடைத்தன. அவற்றின் மொழிநடையை ஆராய்ந்து இளமைக்காலத் திறனை மதிப்பிட்டனர். ஸ்காட்லாந்திலோ, நேரடியான மதிப்பெண்களே கிடைத்தன.

1932, 1947 ஆண்டுகளின் பள்ளித் தேர்வுகள்

1932ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள், ஸ்காட்லாந்து நாடு முழுவதும் 1921இல் பிறந்த பள்ளிப் பிள்ளைகள் ஒரே தேர்வை எழுதினர். எழுதியோர் எண்ணிக்கை 87,498. 1947ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள் இதே ஏற்பாடு மீண்டும் நடந்தது. இம்முறை 1936இல் பிறந்த 70,805 பிள்ளைகள் எழுதினர். ஒரு நாட்டில் ஓர் ஆண்டில் பிறந்த பிள்ளைகள் ஏறத்தாழ அனைவரையும் இவ்வாறு சோதித்தது மிக அரிய நிகழ்வு. ஸ்காட்லாந்துக் கல்வி ஆராய்ச்சி மன்றம் இதை நடத்தியது.

தேர்வின் பெயர் மோரே ஹவுஸ் தேர்வு எண் 12. எடின்பரோவில் கல்விப் பேராசிரியராக இருந்த காட்ஃப்ரி தாம்சன் இவ்வகைத் தேர்வுகளை உருவாக்கியவர். 45 நிமிடங்களில் 71 வினாக்களுக்கு விடை எழுத வேண்டும். சொற்களை வகைப்படுத்துதல், ஒத்த பொருளும் எதிர்ப்பொருளும் காணுதல், ஒப்புமை காணுதல், கணக்கு, இடவமைப்பை உணர்தல், குறியீட்டு எழுத்துகளைப் படித்தறிதல், கலைந்த சொற்றொடரை ஒழுங்குபடுத்துதல், கட்டளையைப் புரிந்து செய்தல் எனப் பலவகை வினாக்கள் கலந்திருந்தன. இத்தேர்வு சரியாக அளக்கிறதா என்று பார்க்க, பிள்ளைகளில் ஒரு சிறு பகுதியினருக்கு ஆசிரியர் எதிரில் அமர்ந்து தனித்தனியே நடத்தும் பினே அறிவுத்திறன் தேர்வும் வைக்கப்பட்டது. இரண்டின் முடிவுகளும் நன்கு பொருந்தின.

இந்தத் தேர்வுகளை நடத்தியவர்கள் முதுமையைப் பற்றி எண்ணவில்லை. நாட்டுப் பிள்ளைகளிடையே அறிவுத்திறன் எவ்வாறு பரவியிருக்கிறது என்று அறிவதே 1932ஆம் ஆண்டின் நோக்கம். 1947இல் வேறொரு கவலை இருந்தது. மதிப்பெண் குறைந்த பிள்ளைகள் பெரிய குடும்பங்களில் மிகுதியாகக் காணப்பட்டதால், தலைமுறை செல்லச் செல்ல நாட்டின் அறிவுத்திறன் சரிந்துவிடும் என்று சிலர் அஞ்சினர். முடிவு அதற்கு மாறாக இருந்தது; 1947ஆம் ஆண்டுப் பிள்ளைகளின் சராசரி, 1932ஆம் ஆண்டுப் பிள்ளைகளின் சராசரியைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருந்தது. அறிக்கைகள் வெளியாயின. பிறகு மதிப்பெண் ஏடுகள் சேமிப்பறைக்குச் சென்றன.

ஏடுகளின் மறுபயன்பாடு

எடின்பரோவில் உளவியல் பேராசிரியரான இயன் டியரியும், அபர்டீன் நகரில் முதியோர் மனநல மருத்துவப் பேராசிரியரான லாரன்ஸ் வாலியும் 1990களின் பிற்பகுதியில் இந்த ஏடுகளின் மதிப்பை உணர்ந்தனர். 1921இல் பிறந்தவர்கள் அப்போது எழுபது வயதைக் கடந்திருந்தனர். அவர்களில் உயிரோடு இருப்பவர்களைக் கண்டுபிடித்து மீண்டும் சோதித்தால், அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட மாற்றத்தை அளந்துவிடலாம்.

முதல் முயற்சி அபர்டீனில் நடந்தது. 1998ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள், அதாவது முதல் தேர்வு நடந்து சரியாக 66 ஆண்டுகள் கழித்து, 77 வயதை எட்டியிருந்த அந்நாள் மாணவர்கள் ஓர் அரங்கில் கூடினர். அதே வினாத்தாள், அதே அறிவுரைகள், அதே 45 நிமிடம். இதில் கிடைத்த ஒரு செய்தி பலருக்கும் வியப்பளித்தது. எழுபத்தேழு வயதில் அவர்கள் பெற்ற சராசரி மதிப்பெண், பதினொரு வயதில் பெற்றதைவிடக் கூடுதலாக இருந்தது. பதினொரு வயதுக்குப் பின் வளர்ந்த திறனையும் கற்ற கல்வியையும் முதுமை முற்றாக அழித்துவிடவில்லை என்பதை இது காட்டியது. இளமையின் உச்சத்தில் இருந்த நிலையிலிருந்து அவர்கள் எவ்வளவு இறங்கினர் என்பதை மட்டும் இந்த ஒப்பீட்டிலிருந்து அறிய இயலாது. ஏனெனில் இடைப்பட்ட வயதுகளில் தேர்வு நடக்கவில்லை.

இரு குழுக்களும் சோதனை முறையும்

இதையடுத்து எடின்பரோ வட்டாரத்தில் முறையான ஆய்வு தொடங்கியது. 1921ஆம் ஆண்டுக் குழு 1999 முதல் 2001 வரை திரட்டப்பட்டது. 550 பேர் சேர்ந்தனர். அப்போது அவர்களுக்கு ஏறத்தாழ 79 வயது. பின்னர் 83, 87, 90, 92 வயதுகளில் அவர்கள் மீண்டும் சோதிக்கப்பட்டனர். 1936ஆம் ஆண்டுக் குழு 2004 முதல் 2007 வரை திரட்டப்பட்டது. 1,091 பேர் சேர்ந்தபோது அவர்களின் வயது ஏறத்தாழ 70. அதன்பின் ஏறக்குறைய மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, 73, 76, 79, 82 எனச் சோதனைகள் தொடர்ந்தன.

பழைய மோரே ஹவுஸ் தேர்வை இவர்கள் மீண்டும் எழுதினர். அதனோடு தனித்தனித் திறன்களை அளக்கும் சோதனைகளும் நடந்தன. ஒரு சிறுகதையைக் கேட்டு உடனேயும், சற்று நேரம் கழித்தும் திரும்பச் சொல்வது, எண்களைத் தலைகீழ் வரிசையில் சொல்வது, குறியீடுகளை விரைந்து பொருத்துவது, வண்ணக் கட்டைகளைக் கொண்டு ஒரு வடிவத்தை அமைப்பது போன்றவை அவற்றுள் சில. உடல்நிலையும் பதிவு செய்யப்பட்டது. கைப்பிடி வலிமை, நுரையீரல் செயல்திறன், ஆறு மீட்டர் தொலைவை நடக்க ஆகும் நேரம், இரத்த அழுத்தம் ஆகியவை அளக்கப்பட்டன. இரத்தம் எடுத்து மரபணுக்கள் ஆராயப்பட்டன. உணவு, புகைப்பழக்கம், தொழில், படித்த ஆண்டுகள், பொழுதுபோக்கு, உறவினர் நண்பர் தொடர்பு ஆகியவை கேட்டறியப்பட்டன. 1936ஆம் ஆண்டுக் குழுவினரில் ஏறத்தாழ 700 பேருக்கு, அவர்களின் 73ஆம் வயதையொட்டி, மூளையின் எம்.ஆர்.ஐ. படமும் எடுக்கப்பட்டது.

சிறுவயது மதிப்பெண் எவ்வளவு சொல்கிறது

இரண்டு அளவுகள் எந்த அளவுக்குச் சேர்ந்து செல்கின்றன என்பதை ஒட்டுறவுக் கெழு என்ற எண்ணால் குறிப்பர். முழுமையாகச் சேர்ந்து சென்றால் 1. தொடர்பே இல்லையென்றால் 0. பதினோராம் வயது மதிப்பெண்ணுக்கும் 79ஆம் வயது மதிப்பெண்ணுக்கும் இடையே 1921ஆம் ஆண்டுக் குழுவில் கிடைத்த கெழு 0.66. தொண்ணூறு வயதிலும் அது 0.54ஆக இருந்தது. அறுபது, எழுபது ஆண்டுகள் கடந்த பின்னும் இவ்வளவு தொடர்பு இருப்பது பெரிது.

இந்த எண்ணைப் புரிந்துகொள்ள அதன் வர்க்கத்தைப் பார்க்க வேண்டும். 0.66இன் வர்க்கம் ஏறத்தாழ 0.44. எண்பதை நெருங்கும் வயதில் ஒருவருக்கொருவர் காணப்படும் திறன் வேறுபாட்டில் ஏறத்தாழ 44 விழுக்காடு, சிறுவயது வேறுபாட்டோடு சேர்ந்தே வருகிறது என்பது இதன் பொருள். ஆய்வுக்கு வர இசைந்தவர்கள் பொதுவாக உடல்நலமும் மதிப்பெண்ணும் சற்று மிகுந்தவர்களாக இருந்ததால், அதற்கேற்பத் திருத்திக் கணக்கிட்டால் இது ஏறத்தாழ பாதி என்று ஆய்வாளர்கள் கூறுகின்றனர்.

இங்கே ஒரு தவறான புரிதலைத் தவிர்க்க வேண்டும். ஒரு மனிதருடைய அறிவில் பாதி பதினொரு வயதிலேயே முடிவாகிவிடுகிறது என்று இதற்குப் பொருளில்லை. மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டைப் பற்றியதே இக்கணக்கு. எஞ்சிய பாதியில் கல்வி, தொழில், நோய், பழக்கவழக்கம், வாழ்க்கைச் சூழல், அளவீட்டுப் பிழை எல்லாம் அடங்கும். சிறுவயதில் குறைந்த மதிப்பெண் பெற்றுப் பிற்காலத்தில் பலரை முந்தியவர்களும், அதற்கு நேர்மாறாக ஆனவர்களும் இக்குழுக்களில் உள்ளனர்.

இன்னொரு முடிவும் கவனிக்கத்தக்கது. சிறுவயது மதிப்பெண், முதுமையில் ஒருவர் எந்த உயரத்தில் இருக்கிறார் என்பதை ஓரளவு காட்டியது. ஆனால் எழுபது வயதுக்குப் பின் அவர் எவ்வளவு வேகமாக இறங்குகிறார் என்பதை அது பெரிதாகக் காட்டவில்லை. மலையுச்சியில் நிற்பவரும் குன்றின் மேல் நிற்பவரும் ஒரே சரிவில் இறங்கலாம். உயரத்தில் நின்றவருக்கு, அன்றாட வேலைகளைச் செய்ய முடியாத தாழ்நிலையை அடைய நீண்ட காலம் ஆகும். சிறுவயதில் கல்விக்குச் செய்யும் செலவு முதுமையில் பயன் தருவதற்கு இது ஒரு விளக்கம்.

எவை குறைகின்றன, எவை நிலைக்கின்றன

திறன்கள் அனைத்தும் ஒரே வேகத்தில் குறைவதில்லை. விரைந்து செயல்படும் திறன், புதிய சிக்கலை ஆராய்ந்து தீர்க்கும் திறன், புதிதாகக் கேட்டதை நினைவில் நிறுத்தும் திறன் ஆகியவை எழுபதுகளில் தெளிவாகக் குறைகின்றன. சொல்வளமும், வாழ்நாளில் சேர்த்த பொது அறிவும் நெடுங்காலம் நிலைக்கின்றன. குறுக்கெழுத்துப் புதிரில் பேரனை வெல்லும் தாத்தா, புதிய கைப்பேசியில் அவனிடம் உதவி கேட்பதில் முரண் எதுவும் இல்லை.

ஒரே வயதினரிடையே காணப்பட்ட வேறுபாடு மிகப் பெரியது. 73 வயதினரின் மூளைப் படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது, சிலருடைய மூளை இளையவர் மூளை போல நிறைவாகத் தோன்றியது. வேறு சிலருடைய மூளை வெகுவாகச் சுருங்கியிருந்தது. மூளைப் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகள் நிறைந்த வெண்பொருளின் நலம், விரைந்து சிந்திக்கும் திறனோடு தொடர்புற்றிருந்ததும் தெரியவந்தது. இந்த இணைப்புகள் சிதையும்போது செய்தி கடத்தும் வேகம் குறைவதே காரணமாகலாம் என்று கருதப்படுகிறது.

காப்பி தந்த பாடம்

சிறுவயது மதிப்பெண்ணின் பயன் மிகத் தெளிவாக வெளிப்பட்டது காப்பி பற்றிய ஆய்வில்தான். 1936ஆம் ஆண்டுக் குழுவினரின் காப்பி, தேநீர்ப் பழக்கத்தையும் 70ஆம் வயதுத் தேர்வு முடிவுகளையும் ஒப்பிட்ட கட்டுரை 2010இல் வெளியானது. முதல் கணக்கில், காஃபின் மிகுதியாக உட்கொண்டவர்கள் தேர்வுகளில் சற்று நன்றாகச் செய்திருந்தனர். இத்தோடு நிறுத்தியிருந்தால், முதுமையில் காப்பி குடித்தால் நினைவாற்றல் கூடும் என்ற செய்தி பரவியிருக்கும்.

ஆய்வாளர்கள் அடுத்ததாகப் பதினோராம் வயது மதிப்பெண்ணையும் சமூக நிலையையும் கணக்கில் சேர்த்தனர். காப்பிக்கும் நினைவாற்றலுக்கும் இடையே தோன்றிய தொடர்பு பெரும்பாலும் மறைந்துவிட்டது. சிறுவயதிலேயே மதிப்பெண் மிகுதியாகப் பெற்றவர்கள், பிற்காலத்தில் காப்பி மிகுதியாகக் குடிக்கும் வாழ்க்கைச் சூழலில் இருந்திருக்கிறார்கள். காப்பி அவர்களின் அறிவை உயர்த்தியதாகக் கொள்ள இடமில்லை.

அளவான மதுப்பழக்கம் நினைவாற்றலுக்கு நல்லது என்ற கருத்தும் இதே முறையில் சோதிக்கப்பட்டது. அங்கும் சிறுவயது மதிப்பெண்ணைச் சேர்த்தவுடன் தொடர்பு வெகுவாக மெலிந்தது. காரணம் எது, விளைவு எது என்பது இவ்வாறு தலைகீழாக மாறியிருப்பதைத் தலைகீழ்க் காரணத் தொடர்பு என்பர். உணவு, பானம், மாத்திரை, மூளைப் பயிற்சி விளையாட்டு என எதையாவது சுட்டி, அதைப் பயன்படுத்தும் முதியோர் அறிவுக்கூர்மையோடு இருக்கிறார்கள் என்று வரும் செய்திகளைப் படிக்கும்போது, அவர்கள் முன்பே அப்படித்தான் இருந்தார்களா என்ற கேள்வியைக் கேட்க வேண்டும். பெரும்பாலான ஆய்வுகளில் அதற்கு விடை இருப்பதில்லை.

தாக்குப்பிடித்த தொடர்புகள்

சிறுவயது மதிப்பெண்ணைக் கணக்கில் கொண்ட பின்னும் நிலைத்த தொடர்புகள் சில உள்ளன.

மரபணு: ஏ.பி.ஓ.ஈ. என்ற மரபணுவின் ஈ4 வகை அல்சைமர் நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுவது முன்பே அறியப்பட்டது. 1921ஆம் ஆண்டுக் குழுவில் இவ்வகையை உடையவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் பதினொரு வயதில் மதிப்பெண் வேறுபாடு இல்லை. 79 வயதில் வேறுபாடு தெரிந்தது. இந்த மரபணுவின் தாக்கம் முதுமையில்தான் வெளிப்படுகிறது என்பதை 2002இல் வெளியான இம்முடிவு காட்டியது.

புகைபிடித்தல்: மூளையின் மேலுறையாகிய புறணி, புகைபிடிப்பவர்களுக்கு மெலிந்திருந்தது. புகையை விட்டவர்களுக்கு, விட்டுச் சென்ற ஆண்டுகள் கூடக்கூட இவ்வேறுபாடு குறைந்திருந்தது. மீட்சிக்கு நெடுங்காலம் ஆகலாம் என்றாலும், விட்டதனால் பயனுண்டு என்பதற்கு இது ஆதரவாக உள்ளது.

உடலுழைப்பு: எழுபது வயதில் உடற்பயிற்சியும் நடையும் மிகுந்தவர்களின் மூளை, 73 வயதில் எடுத்த படத்தில் குறைவாகச் சுருங்கியிருந்தது. வெண்பொருளிலும் சேதம் குறைவாக இருந்தது. பொழுதுபோக்கிலும் கூட்டங்களிலும் ஈடுபடுவதற்கு இத்தகைய தொடர்பு அந்த ஆய்வில் தென்படவில்லை.

மொழிகள்: 853 பேரின் தரவுகளைக் கொண்டு தாமஸ் பாக் முதலியோர் 2014இல் வெளியிட்ட கட்டுரை, ஆங்கிலத்தோடு வேறொரு மொழியிலும் பேசக்கூடியவர்கள், அவர்களின் சிறுவயது மதிப்பெண்ணைக் கொண்டு எதிர்பார்த்ததைவிட நன்றாகச் செய்தனர் என்று கூறியது. இரண்டாம் மொழியைப் பதினெட்டு வயதுக்குப் பின் கற்றவர்களிடமும் இப்பயன் காணப்பட்டது. பங்கேற்றவர்கள் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட உள்ளூர் மக்கள் என்பதால், குடியேற்றத்தால் வரும் பிற வேறுபாடுகள் இதில் குறுக்கிடவில்லை.

இவற்றில் ஒவ்வொன்றின் தாக்கமும் தனியே பார்த்தால் சிறியது. சிறிய நன்மைகள் பல சேர்ந்தே முதுமையில் அறிவுநலத்தைக் காக்கின்றன என்பது ஆய்வுக் குழுவினரின் கருத்து. ஒரே மருந்தாக எல்லாவற்றையும் தீர்க்கும் வழி எதுவும் இவ்வாய்வுகளில் கிடைக்கவில்லை.

ஆய்வின் வரம்புகள்

இவ்வாய்வுகளைப் படிக்கும்போது சில வரம்புகளை மனத்தில் கொள்ள வேண்டும். முதலாவது, உயிர்பிழைத்தவர்களே ஆய்வில் உள்ளனர். சிறுவயது மதிப்பெண் குறைந்தவர்கள் சராசரியாகக் குறைந்த வயதில் இறந்திருக்கிறார்கள் என்பதை இதே பழைய ஏடுகளைக் கொண்டு அபர்டீனில் நடந்த வேறோர் ஆய்வு காட்டியது. ஆகவே எழுபது, எண்பது வயதில் எஞ்சியிருப்போர் தம் தலைமுறை முழுவதற்கும் சரியான மாதிரி ஆகமாட்டார்கள்.

இரண்டாவது, காலப்போக்கில் பலர் விலகுகின்றனர். 1936ஆம் ஆண்டுக் குழுவில் எழுபது வயதில் 1,091 பேர் இருந்தனர். 82 வயதுச் சோதனைக்கு வந்தவர்கள் 431 பேர். இறந்தவர்களும் நோயுற்றவர்களும் வராததால், வந்தவர்களை மட்டும் கணக்கிட்டால் வீழ்ச்சி குறைவாகத் தோன்றும். இதைச் சரிசெய்யப் புள்ளியியல் முறைகள் உண்டு. முழுமையாகச் சரிசெய்வது கடினம்.

மூன்றாவது, ஒரே தேர்வைத் திரும்பத் திரும்ப எழுதுவோர் பழக்கத்தாலேயே சற்று முன்னேறுவர். இதுவும் உண்மையான வீழ்ச்சியை மறைக்கலாம். நான்காவது, இக்குழுவினர் ஏறத்தாழ அனைவரும் ஒரே வட்டாரத்தில் வாழும் வெள்ளையர். வேறு உணவு, வேறு கல்வி, வேறு நோய்ச் சூழல் உள்ள நாடுகளுக்கு இம்முடிவுகளை அப்படியே பொருத்த இயலாது. கடைசியாக, இவை மக்களைக் கவனித்துப் பதிவு செய்யும் ஆய்வுகள். எதையும் மாற்றிப் பார்த்த சோதனைகள் அல்ல. மேலே கூறிய உடலுழைப்பு, மொழி முதலிய தொடர்புகளைக் காரணம் என்று உறுதியாகச் சொல்ல வேறுவகை ஆய்வுகளும் தேவை.

மறதியை மதிப்பிடுவதில் இதன் பயன்

முதியவர் ஒருவரை நினைவாற்றல் சோதனைக்கு அழைத்துச் செல்லும்போது, பொதுவான சராசரியோடு அவரை ஒப்பிடுவதே வழக்கம். இதனால் இருவகைத் தவறுகள் நேரக்கூடும். உயர்ந்த நிலையில் இருந்த ஒருவர் பெருமளவு இழந்திருந்தும், சராசரி மதிப்பெண் பெறுவதால் நோயில்லை என்று அனுப்பப்படலாம். பள்ளிக்கு அதிகம் செல்லாத ஒருவர் எதையும் இழக்காமல் இருந்தும், குறைந்த மதிப்பெண் பெறுவதால் மறதிநோய் உள்ளவர் என்று கருதப்படலாம். ஒருவரை அவருடைய முந்தைய நிலையோடு ஒப்பிடுவதே சரியான அளவுகோல் என்பது லோதியன் ஆய்வுகள் உணர்த்தும் அடிப்படைக் கருத்து.

பதினொரு வயது மதிப்பெண் எல்லாரிடமும் இருக்காது. அவர் படித்த ஆண்டுகள், பார்த்த தொழில், வீட்டுக் கணக்கைக் கையாண்ட விதம், முன்பு எளிதாகச் செய்து இப்போது தடுமாறும் வேலைகள் ஆகியவற்றைக் குடும்பத்தார் மருத்துவரிடம் சொன்னால் அது அந்த இடத்தை ஓரளவு நிரப்பும். மூக்குக்கண்ணாடியை வைத்த இடம் மறப்பதும், ஒரு பெயர் நாக்கு நுனியில் நின்று வராமல் போவதும் முதுமையில் இயல்பு. பலகாலம் நடந்து பழகிய தெருவில் வழி தவறுவது, பழக்கமான சமையலின் வரிசையை மறப்பது, சற்றுமுன் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது ஆகியவை மருத்துவரிடம் சொல்ல வேண்டிய மாற்றங்கள். தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு, காது கேளாமை, சில மருந்துகளின் பக்கவிளைவு ஆகியவற்றாலும் மறதி போன்ற நிலை வரலாம். இவற்றுள் பலவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

1921ஆம் ஆண்டுக் குழுவின் சோதனைகள் 92 வயதோடு நிறைவடைந்தன. 1936ஆம் ஆண்டுக் குழுவினர் எண்பது வயதைக் கடந்த பின்னும் ஆய்வு தொடர்ந்தது. அவர்களில் பலர், தம் மறைவுக்குப் பின் மூளைத் திசுவை ஆய்வுக்கு வழங்கவும் இசைந்துள்ளனர். அவ்வாறு வழங்கப்படும்போது, ஒரே மனிதரின் பள்ளிக்கால மதிப்பெண், முதுமைக்காலச் சோதனைகள், மூளைப் படங்கள், மூளைத் திசு ஆகிய நான்கையும் ஒருங்கே வைத்து, ஒரே வயதினரில் சிலர் மட்டும் விரைவாக நினைவாற்றலை இழப்பது ஏன் என்று ஆராய முடிகிறது.